ஸ்ட்ரோபெரி டிராமிசு: கொழும்பில் செய்பவர்கள் கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தையில் என் வீட்டுச் சமையலறையிலிருந்து பிறந்தநாட்களுக்கும் சிறு விருந்துகளுக்கும், பிஸ்கட்டும் கிரீமும் பழமும் அடுக்கிய இந்த இத்தாலிய இனிப்பைச் செய்து கொடுத்து வருகிறேன். வாங்கிச் சாப்பிட்டவர்களில் பலர் அடுத்த வாரமே தாங்களும் செய்து பார்க்கிறார்கள். பிறகு தொலைபேசியில் அழைக்கிறார்கள். செய்வதற்கு முன் எல்லோரும் கேட்பது, "மஸ்கார்போனே எங்கே வாங்குவது?" கிரீமிலிருந்து செய்யும் மென்மையான இத்தாலியச் சீஸ் அது. செய்த பிறகு எல்லோரும் கேட்பது, "அடியில் ஏன் இவ்வளவு தண்ணீர்?" முதல் கேள்விக்குக் காசு இருந்தால் போதும். இரண்டாவதற்குத்தான் இங்கே நிறைய எழுதியிருக்கிறேன்.

இதை டிராமிசு என்று சொல்லலாமா? கோப்பியே இல்லையே?

மூல டிராமிசுவில் ஆறே பொருட்கள்: முட்டை மஞ்சட்கரு, சீனி, மஸ்கார்போனே, சவொயார்டி என்ற விரல் வடிவ பிஸ்கட், கோப்பி, கொக்கோத் தூள். வெனிஸ் நகருக்கு வடக்கே உள்ள திரெவீசோவில், காம்பெயோல் குடும்பத்தினர் நடத்திய லெ பெக்கெரியே உணவகத்தில் 1970களின் தொடக்கத்தில் அது உணவுப் பட்டியலில் ஏறியது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. உணவகத்தின் உரிமையாளர் ஆடோ காம்பெயோல் 2021 இல் காலமானார். அங்கே இனிப்புகள் செய்த ரொபெர்டோ லிங்குவானொட்டோ 2024 இல் காலமானார். பக்கத்து மாநிலமான ஃப்ரியூலியும் உரிமை கோருகிறது. 2017 இல் இத்தாலிய விவசாய அமைச்சு அதை ஃப்ரியூலியின் பாரம்பரிய உணவுகளில் ஒன்றாகச் சேர்த்தபோது திரெவீசோ இருக்கும் வெனெட்டோ மாநிலத்துக்காரர்கள் கொதித்துப்போனார்கள்.

பெயருக்கு "என்னைத் தூக்கி விடு" என்று பொருள். தூக்கி விடுவது கோப்பிதான் என்றால் ஸ்ட்ரோபெரி டிராமிசுவுக்கு அந்தப் பெயர் பொருந்தாது. ஆனால் இத்தாலியர்களே கோப்பியை எடுத்துவிட்டு ஸ்ட்ரோபெரி சேர்த்துச் செய்து, அதே பெயரில்தான் அழைக்கிறார்கள். அவர்களே விட்டுக்கொடுத்த பிறகு நமக்கென்ன பிடிவாதம்?

நாங்கள் செய்யும் சொக்லேட் பிஸ்கட் புட்டிங்கும் இதுவும் ஒன்றுதானே, அக்கா?

அடுக்கும் விதத்தில் ஒன்றுதான். மேரி பிஸ்கட்டைப் பாலில் நனைத்து அடுக்கிப் பழகிய கை உங்களுக்கு இருக்கிறது. அது பெரிய உதவி. ஆனால் அந்தப் பழக்கமே உங்களைக் காட்டியும் கொடுக்கும். மேரி பிஸ்கட் இறுக்கமானது. பாலில் சற்றுக் கூடுதலாகக் கிடந்தாலும் பொறுத்துக்கொள்ளும். சவொயார்டி உள்ளே காற்று நிறைந்த உலர்ந்த கேக். தொட்டவுடன் குடித்துவிடும். மேலும் பிஸ்கட் புட்டிங்கை இறுக்கிப் பிடிப்பது பட்டரும் ஐசிங் சீனியும். இங்கே அந்த வேலையைச் செய்வது குளிர்ந்த பாற்கொழுப்பு மட்டும்தான்.

அளவுகளைச் சொல்லுங்கள்.

இருபது சென்ரிமீற்றர் சதுரமும் ஐந்து ஆறு சென்ரிமீற்றர் ஆழமும் உள்ள கண்ணாடிப் பாத்திரத்துக்கு, ஒன்பது பேருக்கு: ஸ்ட்ரோபெரி 500 கிராம், மஸ்கார்போனே 250 கிராம், கொழுப்பு 35 வீதமுள்ள விப்பிங் கிரீம் 200 மில்லிலீற்றர், மஞ்சட்கரு 3, சீனி 75 கிராம், சவொயார்டி 200 கிராம் பெட்டி ஒன்று. பழச்சாற்றுக்குத் தனியாக இரண்டு மேசைக்கரண்டி சீனி, இரண்டு தேக்கரண்டி தேசிக்காய்ப் புளி, ஒரு சிட்டிகை உப்பு. உப்பை விடாதீர்கள். அது இல்லாவிட்டால் நம் பழம் புளிப்பாக மட்டும் நிற்கும்.

எந்த ஸ்ட்ரோபெரி வாங்குவது?

நுவரெலியாப் பழம்தான். 1,800 மீற்றருக்கு மேலே உள்ள அந்தக் குளிரில் விளைந்து, லொறியில் மலை இறங்கி வருவதற்காகச் சற்று இறுக்கமாக இருக்கும்போதே பறித்துவிடுகிறார்கள். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். காம்புக்குக் கீழே தோள்பட்டை வெள்ளையாக இருந்தால் அது வெள்ளையாகவே இருக்கும். மாம்பழத்தைப் போல அரிசிக்குள் வைத்துப் பழுக்க வைக்க முடியாது. பறித்த பிறகு ஸ்ட்ரோபெரி இனிப்பேறாது. முழுவதும் சிவந்ததும் மணப்பதும் மட்டும் இடை அடுக்குக்கும் மேலே வைப்பதற்கும். வெள்ளைத் தோள்பட்டைக்காரர்கள் சாற்றுக்கு. பெட்டியின் அடியில் கசிந்த சிவப்புத் துளி தெரிந்தால், கீழே ஒன்று நசிந்து பக்கத்துப் பழங்களையும் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கொழும்பில் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் கிடைக்கும். விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் இங்கே எழுதிப் பயனில்லை. யாராவது நுவரெலியா போகிறார்கள் என்றால் வெட்கப்படாமல் சொல்லி அனுப்புங்கள்; தோட்டத்திலேயே வாங்கிய பழம் வேறு சாதி.

இறக்குமதியாகும் புளூபெரி?

அழகுக்கு நாலைந்து வைக்கலாம். அதற்கு மேல் அந்த விலைக்கு அது தகாது.

மஸ்கார்போனே கிடைக்கவில்லை, அல்லது விலை கட்டாது. என்ன செய்வது?

வீட்டிலேயே செய்யுங்கள். மஸ்கார்போனே இத்தாலியின் லொம்பார்டிப் பகுதிப் பண்டம். கிரீமைச் சூடாக்கிப் புளிப்புச் சேர்த்துத் திரைய வைத்து வடிப்பதுதான் முழு வித்தையும். நம் வீடுகளில் பால் திரைந்தால் முகம் சுருங்கும். இங்கே திரைவதற்காகத்தான் காத்திருக்கிறோம்.

அரை லீற்றர் விப்பிங் கிரீமை அடி கனத்த பாத்திரத்தில் 85 பாகை செல்சியஸ் வரை சூடாக்குங்கள். வெப்பமானி இல்லாவிட்டால், ஓரத்தில் சிறு குமிழிகள் வந்து ஆவி பறக்கும் கட்டம், கொதிக்கக் கூடாது. ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளியை வடித்து ஊற்றி, அதே சூட்டில் ஐந்து நிமிடம் மெதுவாகக் கிளறுங்கள். பன்னீர்க்கட்டியைப் போலக் கட்டியும் தண்ணீருமாகப் பிரியாது. அகப்பையின் பின்புறத்தில் கஸ்ரட்டைப் போலப் படியும், அவ்வளவுதான். "ஒன்றும் நடக்கவில்லையே" என்று இன்னும் புளி ஊற்றுகிறவர்கள் உண்டு, ஊற்றாதீர்கள். ஆறியதும், தடித்த பருத்தித் துணியை இரண்டாக மடித்து விரித்த அரிதட்டில் ஊற்றி, கீழே கோப்பை வைத்து, குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு. காலையில் துணியிலிருந்து வழித்தெடுக்கும்போது கரண்டியில் அப்படியே நிற்கும்.

க்ரீம் சீஸும் உதவும். அதில் உப்பும் புளிப்பும் ஏற்கெனவே இருப்பதால், 200 கிராமுக்கு ஐம்பது மில்லிலீற்றர் கிரீம் சேர்த்துத் தளர்த்துங்கள்; பழச்சாற்றில் உப்பையும் தேசிக்காயையும் தவிர்த்துவிடுங்கள். சட்டியில் விற்கும் எருமைத் தயிரை இரவு முழுவதும் வடித்துச் செய்தும் பார்த்திருக்கிறேன். அது மஸ்கார்போனே ஆகாது, கொழுப்பு போதாது, சீக்கிரம் இளகும். ஆனால் ஸ்ட்ரோபெரியோடு அந்தப் புளிப்பு நன்றாகவே சேர்கிறது. வீட்டுக்கு மட்டும் செய்வதானால் எனக்கு அதுதான் பிடிக்கும்.

சவொயார்டி பிஸ்கட்டைக் கடையில் எப்படிக் கேட்பது?

"லேடி பிங்கர்" என்று கேளுங்கள். ஆனால் "பிஸ்கட்" என்ற சொல்லை முதலில் போடுங்கள். ஒருமுறை நான் அவசரத்தில் வெறுமனே கேட்டபோது, கடைப் பையன் மிகுந்த மரியாதையுடன் என்னை வெண்டிக்காய்த் தட்டின் முன்னே கொண்டுபோய் நிறுத்தினான். அவன் மீது பிழையில்லை.

பெட்டியைத் திறந்தால் அன்றே முடித்துவிடுங்கள். கொழும்புக் காற்றின் ஈரத்தில் திறந்த பெட்டி ஒரே இரவில் நமுத்துவிடும். அப்படி ஆகிவிட்டால் அவணில் 150 பாகையில் ஐந்தாறு நிமிடம் வைத்து, நன்றாக ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். கிடைக்கவே இல்லையென்றால் பட்டர் சேர்க்காத ஸ்பொஞ்ச் கேக்கை விரலளவு வெட்டி அதே சூட்டில் உலர்த்தி எடுக்கலாம்.

பச்சை முட்டை சேர்ப்பது பயமாக இருக்கிறது.

இருக்கத்தான் வேண்டும், அதுவும் இந்த வெப்பத்தில். நான் பச்சையாகச் சேர்ப்பதே இல்லை. மஞ்சட்கருவையும் 75 கிராம் சீனியையும் ஒரு கிண்ணத்தில் சேர்த்து, கீழே இலேசாகக் கொதிக்கும் தண்ணீர் மேல் வைத்து, கை நிறுத்தாமல் அடியுங்கள். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது. ஏழெட்டு நிமிடத்தில் வெளிர் மஞ்சளாகித் தடிக்கும். 71 பாகையைத் தாண்டினால் போதும். வெப்பமானி வாங்க இது ஒரு நல்ல காரணம். நிறுத்தினால் ஓரத்தில் பொரித்த முட்டைத் துணுக்குகள் வரும். வந்துவிட்டால் அரிதட்டில் வடித்துவிடுங்கள், யாருக்கும் தெரியாது. பிறகு முழுமையாக ஆறவிட வேண்டும். "இலேசான சூடுதானே" என்று மஸ்கார்போனேயைச் சேர்ப்பவர்களுக்கு அது உடனே இளகி மோராகிவிடும்.

அடியில் ஏன் தண்ணீர் நிற்கிறது? மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அப்படித்தான்.

இந்த இனிப்பில் நமக்கு எதிரி ஒன்றுதான்: தண்ணீர். கோப்பி டிராமிசு இந்தத் தொல்லையைத் தராது, ஏனென்றால் அதில் நீங்கள் ஊற்றிய ஈரம் மட்டுமே இருக்கிறது. ஸ்ட்ரோபெரியோ பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அதை வெட்டிச் சீனி தூவியவுடன், வெளியே இருக்கும் சீனி உள்ளே இருக்கும் தண்ணீரை இழுக்கத் தொடங்குகிறது. மாங்காய்க்கு உப்புப் போட்டு வைத்தால் என்ன நடக்கிறதோ அதேதான். சீனி தூவிய துண்டுகளை அப்படியே அடுக்கினால், அந்த ஊறல் இரவு முழுவதும் பெட்டிக்குள் நடக்கும். காலையில் நீங்கள் அடியில் பார்ப்பது அதைத்தான்.

ஆகவே பழத்தை இரண்டாகப் பிரிக்கிறேன். முந்நூறு கிராமைச் சீனி, தேசிக்காய், உப்புடன் அரைத்து, விதை போக வடித்து, ஐம்பது மில்லிலீற்றர் தண்ணீரில் தளர்த்தினால் பிஸ்கட் நனைக்கும் சாறு கிடைக்கும். தண்ணீரை இங்கே, நம் கண் முன்னே, முதலிலேயே எடுத்துவிட்டோம். மீதி இருநூறு கிராமுக்குச் சீனி ஒரு துகளும் கிடையாது. காம்பு அகற்றுவதற்கு முன்பே கழுவுங்கள். காம்பை எடுத்துவிட்டுக் கழுவினால் அந்தக் குழி வழியே தண்ணீர் உள்ளே போகும். துணியில் பரப்பி உலர்த்துங்கள். வெட்டியபின் வெட்டுப்பக்கத்தைச் சமையலறைத் தாளில் ஒற்றி எடுங்கள். இடை அடுக்கில் வைக்கும்போது கீழே கிரீம், மேலே கிரீம்; பழம் பிஸ்கட்டை நேரே தொடாமல் இருப்பது நல்லது.

அடுத்தது நனைப்பது. சாற்றை அகலமான தட்டில் ஊற்றி, பிஸ்கட்டைப் படுக்க வைத்து, "ஒன்று, இரண்டு" என்று எண்ணிப் புரட்டி, மறுபடி "ஒன்று, இரண்டு", எடுத்துவிடுங்கள். பழச்சாறு கோப்பியைவிடத் தடிப்பானது, மெதுவாகத்தான் ஏறும். அதனால்தான் இந்த இரண்டு. கோப்பியானால் ஒன்றே போதும். சந்தேகமாக இருந்தால் முதல் பிஸ்கட்டை உடைத்துப் பாருங்கள். வெளியே சுற்றிலும் இளஞ்சிவப்பு, நடுவில் வெள்ளையாக ஒரு கோடு, அந்தக் கோட்டைத் தொட்டால் இன்னும் மொறுமொறுப்பு. அதுதான் பதம். "இது காய்ந்து கிடக்கிறதே" என்று மனம் அடித்துக்கொள்ளும். அடித்துக்கொள்ளட்டும். அந்த வெள்ளைக் கோடு இரவில் குடிப்பதற்காகவே இருக்கிறது. பழமும் கிரீமும் விடுகிற ஈரம் முழுவதும் அங்கேதான் போய்ச் சேரும். நடுவரை நனைந்த பிஸ்கட் குடிக்க இடமில்லாமல் எல்லாவற்றையும் அடியில் விட்டுவிடும்.

மேலே மூடும் விதத்திலும் கொஞ்சம் தண்ணீர் வருகிறது. சூடான கையோடு, திறந்து திறந்து பார்த்தால், மூடியின் உட்புறம் வியர்த்து கிரீமில் சொட்டும். ஒரு சமையலறைத் தாளை மூடிக்கு உட்புறமாகக் கொடுத்து மூடுங்கள். பிறகு திறக்காதீர்கள். பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.

மேலே வைக்கும் பழங்கள்?

பரிமாறும்போது மட்டும். முதல் நாளே வைத்தால் ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் சிவப்பு வளையம் படர்ந்துவிடும்.

கிரீம் அடித்தேன், அடித்தேன், தடிக்கவே இல்லை.

பேணியில் வரும் தடித்த கிரீமை வாங்கியிருப்பீர்கள். அதில் கொழுப்பு குறைவு. நாள் முழுவதும் அடித்தாலும் எழும்பாது. பெட்டியில் கொழுப்பு குறைந்தது 30 வீதம் என்று இருக்க வேண்டும், 35 என்றால் நிம்மதி. தாவரக் கொழுப்பில் செய்த கிரீம் நன்றாக எழும்பும், வெயிலிலும் நிற்கும், ஆனால் சாப்பிட்டபின் அண்ணத்தில் மெழுகைப் போல ஒட்டிக்கொள்ளும். கேக் அலங்காரத்துக்கு அது சரி. இதற்கு வேண்டாம்.

சரியான கிரீமாக இருந்தும் வரவில்லையென்றால் சமையலறைதான் சூடு. கிண்ணத்தையும் பீட்டரின் கம்பிகளையும் இருபது நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள்; மின்விசிறிக்குக் கீழே, காலையில் அல்லது இரவில் அடியுங்கள். மத்தியானம் இரண்டு மணிக்குக் கொழும்பில் யாரும் கிரீம் அடிக்கக் கூடாது. நுனி மெதுவாகச் சாயும் பதத்தில் நிறுத்திவிட்டு, கரண்டியால் குழைத்து வைத்த மஸ்கார்போனேயில் ஆறிய முட்டைக் கலவையை முதலில் சேர்த்து, கடைசியாகக் கிரீமைக் கீழிருந்து மேலாக மடித்துச் சேருங்கள். மஸ்கார்போனேயைப் பீட்டரால் அடித்தால் திரண்டுவிடும்.

மது சேர்க்க வேண்டுமா? முஸ்லிம் நண்பர்களும் வருகிறார்கள்.

வேண்டியதில்லை. திரெவீசோவின் மூலக் குறிப்பிலேயே மது கிடையாது. மார்சாலா வைனும் ரம்மும் பிறகு வந்தவை. ஜெலட்டினும் மூலத்தில் இல்லை. சிலர் இறுக்கத்துக்காகச் சேர்க்கிறார்கள். விருந்தாளிகளுக்காக இரண்டையும் தவிர்ப்பது எளிது. பிஸ்கட், சீஸ் பெட்டிகளின் பின்புறத்தை மட்டும் வாசித்துவிடுங்கள். நோன்பு காலத்தில் கடல்பாசி செய்து பழகிய தெமட்டகொடை நண்பி ஒருத்தி, அதையே கரைத்து ஊற்றலாமா என்று கேட்டாள். ஊற்றினால் நிற்கும், ஆனால் வெட்டினால் துண்டு துண்டாக உடையும். இது வாயில் வழுக்க வேண்டிய பண்டம்.

முட்டையே சாப்பிடாதவர்களுக்கு?

மஞ்சட்கருவையும் சீனியையும் விட்டுவிட்டு, கிரீமை 300 மில்லிலீற்றராகக் கூட்டி, நான்கு மேசைக்கரண்டி டின்பால் சேருங்கள். சவொயார்டியிலும் முட்டை இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முட்டை சேராத மேரி பிஸ்கட்டைப் பார்த்து வாங்கி மூன்று அடுக்காக வையுங்கள். அப்போது அது உங்கள் பிஸ்கட் புட்டிங்கின் இத்தாலிய மச்சாள் ஆகிவிடும். சுவைக்குக் குறைவில்லை.

ஸ்ட்ரோபெரிக்குப் பதிலாக நம் பழங்கள்?

யாழ்ப்பாணத்திலிருந்து கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வரும் நாட்களில் நான் ஸ்ட்ரோபெரியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அதற்குச் சாற்றில் சீனி வேண்டாம், தேசிக்காயைக் கூட்டுங்கள். மல்பெரி கிடைத்தால் நல்லது. கையும் துணியும் கறைபடும். நாவற்பழம் துவர்ப்பினால் கிரீமோடு ஒத்துப்போகாது. பச்சை அன்னாசியும் பப்பாசியும் கூடவே கூடாது. பால் புரதத்தை உடைக்கும் நொதிகள் அவற்றில் உண்டு. சில மணி நேரத்தில் கிரீம் கசந்து நீர்த்துவிடும். அன்னாசிதான் வேண்டுமென்றால் சீனிப்பாகில் நன்றாக வேகவைத்து ஆறவிட்டுச் சேருங்கள், சூட்டில் அந்த நொதி செயலிழந்துவிடும்.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்? மின்வெட்டு வந்தால்?

குறைந்தது எட்டு மணி நேரம் குளிர வேண்டும். முதல் நாள் இரவு செய்து மறுநாள் பகல் பரிமாறுவதுதான் சிறப்பு. இரண்டாம் நாளுக்கு மேல் வேண்டாம். மேசையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், மிஞ்சியதை உடனே உள்ளே வையுங்கள்.

மின்சாரம் போனால், கதவைத் திறக்காத பெட்டி ஏறக்குறைய நான்கு மணி நேரம் குளிரைக் காக்கும். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை இருளில் இருந்த நகரம் இது. அந்த மாதங்களில் நான் இதைச் செய்யவே இல்லை. அப்போது பால்மாவே வரிசையில் நின்றுதான் கிடைத்தது, கிரீமுக்கு எங்கே போவது?

ஃப்ரீசரில் வைத்தால்?

கிரீம் தாங்கும், பழம் தாங்காது. உறையும்போது பழத்தின் கலச்சுவர்கள் உடைகின்றன. உருகும்போது அத்தனை தண்ணீரும் வெளியே. பழமில்லாமல் அடுக்கி உறைய வைத்து, பரிமாறும் அன்று பழம் சேர்க்கலாம்.

இன்னொரு வீட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது?

எப்படிக் கொண்டுபோகக் கூடாது என்பதை முதலில் சொல்கிறேன். மச்சாளின் மகளுக்கு முதல் பிறந்தநாள், வீடு கொட்டாஞ்சேனையில். பன்னிரண்டரை மணிக்கு வெள்ளவத்தையில் முச்சக்கரவண்டி ஏறினேன், பாத்திரம் மடியில், மேலே ஒரு துவாய். புறக்கோட்டை நெரிசலில் நாற்பது நிமிடம் நின்றோம். இறங்கும்போது மூடியை இலேசாகச் சாய்த்துப் பார்த்தேன். கிரீம் ஒரு பக்கமாக ஒதுங்கி அலையடித்தது. பெரியம்மா ஒரு சொல்லும் சொல்லவில்லை. தேநீர்க் கிளாசுகளை எடுத்து வரிசையாக வைத்து, அகப்பையால் அள்ளி ஊற்றி, மேலே ஒவ்வொரு பழம் வைத்தார். வந்தவர்கள் அதை அப்படித்தான் சாப்பிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது நான் பயணத்துக்குப் பெரிய பாத்திரத்தில் அடுக்குவதில்லை. மூடியுள்ள சிறு கிளாசுகளில் தனித்தனியாகச் செய்து, ஐஸ்கட்டிப் பைகள் வைத்த ரெஜிஃபோம் பெட்டியில், காலை ஒன்பதுக்கு முன் அனுப்பிவிடுகிறேன்.

பிஸ்கட் நனைத்தபின் சாறு மிஞ்சுகிறதே?

பிஸ்கட் துகள் போக வடித்து, ஒரு கிளாஸ் குளிர்ந்த சோடாவில் இரண்டு மேசைக்கரண்டி. பாத்திரங்கள் கழுவி முடித்தபின், செய்தவருக்கு மட்டும்.